வெரிகோஸ் வெயின் மருத்துவ ஆய்வில் சேரப்போகிறீர்களா? கையெழுத்துக்கு முன்னும் பின்னும்

“சீரற்ற முறையில்னு போட்டிருக்கே தம்பி, ஒழுங்கில்லாம வைத்தியம் பாப்பீங்களா?” என்று கேட்டார் அந்த அம்மா. துணிக்கடையில் இருபது வருடம் நின்று வேலை பார்த்தவர். இடது காலில் முழங்காலுக்குக் கீழே சிரைகள் நீலமாகப் புடைத்துச் சுருண்டு கிடந்தன. ஒப்புதல் படிவத்தின் மூன்றாம் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார்.

நான் அப்போது ரத்தநாள அறுவைப் பிரிவில் ஆய்வு கோஆர்டினேட்டர். அதே படிவத்தை அதற்கு முன் எத்தனையோ பேருக்கு வாசித்துக் காட்டியிருந்தேன். ஒருவரும் அந்த வார்த்தையில் நிற்கவில்லை. “டாக்டர் சொன்னா சரிதான்” என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். அவர்களுக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

சீரற்ற முறை என்றால் குலுக்கல், அவ்வளவுதான். உங்களுக்கு இந்த சிகிச்சையா அந்த சிகிச்சையா என்பதை டாக்டரும் முடிவு செய்ய மாட்டார், நீங்களும் முடிவு செய்ய முடியாது. கணினி போட்ட சீட்டு முடிவு செய்யும். வெரிகோஸ் ஆய்வில் சேர நினைக்கும் யாருக்கும் முதலில் உறைக்க வேண்டியது இதுதான். உங்கள் காலைச் சரிசெய்வது ஆய்வின் முதல் வேலை இல்லை. ஒரு கேள்விக்கு விடை தேடுவதுதான் அதன் வேலை. போகிற வழியில் உங்கள் காலும் சரியாகலாம், பல நேரம் ஆகிறது. ஆனால் இரண்டும் ஒன்றில்லை.

முதல் படி: உங்கள் கால் எந்த நிலையில் இருக்கிறது?

ஊரில் “நரம்பு சுருட்டிக்கிச்சு” என்போம். நரம்புக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. காலிலிருந்து இதயத்துக்கு ரத்தத்தை ஏற்றிக்கொண்டு போகும் சிரைகளில் சின்னச் சின்ன வால்வுகள் உண்டு. மேலே போன ரத்தம் இறங்கிவிடாமல் பிடித்துக்கொள்வது அவற்றின் பாடு. வால்வு பழுதானால் ரத்தம் திரும்பி இறங்கும், தேங்கும், சிரை வீங்கிச் சுருளும். பரம்பரை, வயது, பிரசவங்கள், உடல் எடை, நின்றபடியே செய்யும் வேலை எல்லாம் இதற்குக் கைகொடுக்கும். தமிழ்நாட்டில் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தை 2021இல் திருத்தி, ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். நாள் முழுக்க நிற்பதால் வரும் உடல்நலக் கோளாறுகளைத்தான் அதற்குக் காரணமாகச் சொன்னார்கள்.

டாக்டர்கள் இந்த நோயை சி0 முதல் சி6 வரை பிரிப்பார்கள். சி1 சிலந்திவலை போன்ற மெல்லிய கோடுகள். சி2 மூன்று மில்லிமீட்டரோ அதற்கு மேலோ தடித்த சுருள் சிரை. சி3 வீக்கம். சி4 கணுக்கால் பக்கம் தோல் கறுத்து, அரித்து, இறுகிப்போவது. சி5 ஆறிய புண், சி6 ஆறாத புண். இந்த ஒரு எழுத்தும் எண்ணும் இல்லாமல் எந்த ஆய்வின் வாசலிலும் ஏற முடியாது. ஒரு ஆய்வு சி2, சி3 மட்டும் எடுக்கும், இன்னொன்று புண் உள்ளவர்களை மட்டுமே எடுக்கும்.

அடுத்து டூப்ளக்ஸ் ஸ்கேன், அதாவது சிரைக்குள் ரத்தம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று காட்டும் அல்ட்ராசவுண்ட். வயிற்று ஸ்கேன் மாதிரி படுக்க வைத்து முடித்துவிட்டால் அது சரியான ஸ்கேன் இல்லை. உங்களை நிற்க வைக்க வேண்டும். பாரத்தை மற்ற காலில் போடச் சொல்லி, ஜில்லென்ற ஜெல்லைத் தொடையில் தடவி, ஒரு கையால் கருவியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கெண்டைக்காலை அமுக்கி விடுவார்கள். அமுக்கும்போது ரத்தம் மேலே ஏறும். கையை விட்டதும் அது திரும்பி இறங்கினால் திரையில் நிறம் மாறும், ஸ்பீக்கரில் நீளமாக ஒரு ‘உஷ்’ கேட்கும். தோலுக்கடியிலுள்ள சிரையில் அந்தப் பின்னோட்டம் அரை வினாடிக்கு மேல் நீடித்தால் வால்வு பழுது. இரண்டு காலுக்கும் நேரம் பிடிக்கும் என்பதால் வெறும் வயிற்றோடு போகாதீர்கள். மயங்கி உட்கார்ந்தவர்களைத் தாங்கிப் பிடித்திருக்கிறேன். கொலுசைக் கழற்றிவிடுங்கள், காலில் எண்ணெய் தடவாதீர்கள், தளர்வான உடையில் போங்கள்.

இரண்டாம் படி: ஆய்வுக்கு வெளியே என்ன கிடைக்கிறது?

பலர் தாண்டிப்போகும் இடம் இது. வெரிகோஸுக்கு ஏற்கெனவே நிரூபணமான சிகிச்சைகள் இருக்கின்றன. இது வைத்தியமே இல்லாத நோய் இல்லை. அதனால் “இதை விட்டால் வழியில்லை” என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

அழுத்தக் காலுறை, நடைப்பயிற்சி, எடை குறைப்பு ஒரு பக்கம். சிரைக்குள் மெல்லிய குழாயை நுழைத்து லேசரிலோ ரேடியோ அலை வெப்பத்திலோ சிரையை மூடுவது இன்னொரு பக்கம். பாலிடோக்கனால், சோடியம் டெட்ராடெசில் சல்பேட் போன்ற மருந்தை நுரையாக்கி ஊசியில் செலுத்தி மூடலாம். சயனோஅக்ரிலேட் பசையால் ஒட்டலாம். பழைய வழியில் தொடையிடுக்கில் கட்டி, சிரையை உருவி எடுக்கலாம். டயோஸ்மின் மாத்திரை கனத்தையும் வலியையும் குறைக்க உதவும், ஆனால் சுருண்ட சிரையை நிமிர்த்தாது.

இவற்றில் எது மேல் என்பதே ஆய்வுகளால்தான் தெரிந்தது. பிரிட்டனில் கிளாஸ் என்ற ஆய்வில் 11 மருத்துவமனைகளில் 798 பேர் சேர்ந்தார்கள். லேசர், நுரை, அறுவை மூன்றையும் ஒப்பிட்டார்கள். ஐந்து வருட முடிவு 2019இல் வந்தபோது, நுரை போட்டுக்கொண்டவர்களைவிட லேசரும் அறுவையும் செய்துகொண்டவர்களின் வாழ்க்கைத் தரம் மேலாக இருந்தது. நுரைப் பிரிவில் சீட்டு விழுந்தவர்களுக்கு இது சேரும்போது தெரியாது, டாக்டர்களுக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் ஆய்வே தேவைப்பட்டிருக்காது.

சிகிச்சை செலவு உங்களுக்குப் பெரிய தடை என்றால், அரசு மருத்துவமனையிலும் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் என்ன கிடைக்கும் என்று முதலில் விசாரியுங்கள். காசில்லாததால் மட்டும் ஆய்வுக்கு வருபவர் பாதியில் மனம் நொந்துபோவதை நிறையப் பார்த்துவிட்டேன்.

மூன்றாம் படி: ஆய்வைத் தேடுவது

இந்தியாவில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளுக்கு சி.டி.ஆர்.ஐ. என்ற பொதுப் பதிவேடு இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2007 ஜூலையில் தொடங்கியது. யாரும் இலவசமாகப் பார்க்கலாம். 2018 ஏப்ரல் முதல், முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே ஆய்வைப் பதிவு செய்திருக்க வேண்டும் என்பது விதி. இலங்கையில் தனியாக ஒரு பதிவேடு உண்டு.

தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில் ‘வெரிகோஸ்’ என்று அடியுங்கள். வருவது குறைவாகத் தோன்றினால் ‘வீனஸ் அல்சர்’, ‘வீனஸ் இன்சஃபிஷியன்சி’ என்றும் தேடுங்கள். அலோபதி மட்டுமில்லை, சித்த, ஆயுர்வேத ஆய்வுகளும் அதே பதிவேட்டில் இருக்கும்.

ஒரு பதிவைத் திறந்ததும் நீளமான ஆங்கிலத்தைப் பார்த்து மிரள வேண்டாம். ஐந்து இடங்களைப் பாருங்கள், போதும். ‘ஆள் சேர்ப்பு நிலை’ திறந்திருக்கிறதா? ‘ஆய்வு நடக்கும் இடம்’ நீங்கள் திரும்பத் திரும்பப் போய்வரக்கூடிய ஊரா? ஆய்வில் சேர்பவர்களின் பாதுகாப்பையும் உரிமையையும் கவனிக்கும் நெறிமுறைக் குழு ‘ஒப்புதல் கொடுத்தது’ என்று இருக்கிறதா? பணம் யாருடையது, கம்பெனியா, அரசா, கல்லூரியா? கடைசியாக, ‘சிகிச்சையும் ஒப்பீடும்’ என்ற கட்டம். உங்களுக்கு என்னென்ன விழ வாய்ப்பிருக்கிறது என்பது அங்கேதான் இருக்கும். ‘பொதுமக்கள் தொடர்புக்கு’ என்று ஒரு பெயரும் எண்ணும் போட்டிருப்பார்கள். தயங்காமல் கூப்பிடுங்கள், அதற்காகத்தான் போட்டிருக்கிறார்கள்.

நம் ஊரில் நடக்கும் வெரிகோஸ் ஆய்வுகளில் மேற்படிப்பு மாணவர்களின் ஆய்வேட்டுக்கானவையும் நிறைய. அதில் தப்பில்லை. ஆனால் அவற்றில் சிகிச்சைச் செலவு உங்கள் தலையிலேயே இருக்கலாம், மாணவர் படிப்பை முடித்துக் கிளம்பிவிட்டால் உங்களைப் பின்தொடர ஆளில்லாமலும் போகலாம். இரண்டையும் முன்கூட்டியே கேளுங்கள்.

நான்காம் படி: தகுதித் தேர்வு

பதிவேட்டில் பொருந்துவதுபோல் தெரிந்தாலும் நேரில் போனால் பாதிப் பேர் கழன்றுவிடுவார்கள். கர்ப்பம், பாலூட்டுவது, ஆழ்சிரையில் ரத்தக் கட்டி, காலுக்குப் போகும் தமனியில் அடைப்பு, நடக்க முடியாத நிலை, மருந்துக்கோ பசைக்கோ ஒவ்வாமை ஆகியவை வழக்கமான விலக்குகள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களையும் சில ஆய்வுகள் எடுப்பதில்லை. தமனி அடைப்பைக் கண்டுபிடிக்கக் கணுக்காலிலும் கையிலும் ரத்த அழுத்தம் பார்த்து ஒப்பிடுவார்கள். அடைப்புள்ள காலில் இறுக்கமான காலுறை மாட்டினால் ஆபத்து.

இங்கே ஒரு வேண்டுகோள். சேர்த்துக்கொள்ள வேண்டுமே என்று எதையும் மறைக்காதீர்கள். சர்க்கரை மாத்திரை, கருத்தடை மாத்திரை, நாட்டு மருந்துக்கடையில் வாங்கிய சூரணம் வரைக்கும் சொல்லுங்கள். விலக்குப் பட்டியல் பெரும்பாலும் உங்கள் பாதுகாப்புக்குப் போட்ட வேலி.

ஐந்தாம் படி: ஒப்புதல்

இதில் அவசரப்படாதீர்கள். படிவத்தை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டு வருகிறேன் என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. “இன்னிக்கே போட்டாத்தான்” என்று நெருக்கினால் அந்த இடத்தில் ஏதோ சரியில்லை. படிவம் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி முன்னால் முழுவதும் வாசித்துக் காட்டி, அதன்பிறகுதான் கைரேகை. கையெழுத்தான படிவத்தின் நகல் ஒன்று உங்கள் கைக்கு வர வேண்டும். கேட்டு வாங்குங்கள், “அப்புறம் தரோம்” என்பதை ஏற்காதீர்கள்.

தமிழ்ப் படிவங்களின் தமிழைப் பற்றித் தனியாகவே புலம்பலாம். ‘மருந்துப்போலி’ என்று எழுதியிருந்தால் போலி மருந்து கொடுத்து ஏமாற்றுவார்கள் என்று பொருளில்லை. மருந்தே இல்லாத, ஆனால் மருந்துபோலவே இருக்கும் மாத்திரை அல்லது ஊசி. ‘மறைப்பு முறை’ என்றால், எது கிடைத்தது என்று உங்களுக்கோ, சோதிப்பவருக்கோ, இருவருக்குமோ தெரியாது. ‘சீரற்ற’ பற்றி மேலே சொல்லிவிட்டேன்.

அந்த அம்மாவை அதைவிட அதிகமாகக் கலங்கடித்தது கடைசிப் பக்கம். வாரிசுதாரர் பெயர், உறவு, முகவரி, உங்கள் ஆண்டு வருமானம் என்று கட்டங்கள் இருந்தன. “நாமினி எதுக்கு தம்பி? கால்ல ஊசி போடறதுக்கு உசிரு போயிருமா?” என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டார். புது மருந்து ஆய்வுகளுக்கான 2019ஆம் ஆண்டு விதிகள்படி இந்த விவரங்கள் படிவத்தில் இருந்தாக வேண்டும். ஆய்வால் உயிரோ உடலோ பாதிக்கப்பட்டால் இழப்பீடு யாருக்குப் போக வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. அதைச் சொன்ன பிறகுதான் பேனாவை எடுத்தார். அந்தக் கட்டமே இல்லாத படிவம் நீட்டப்பட்டால், அது எந்த விதியின் கீழ் நடக்கும் ஆய்வு, இழப்பீட்டுக்கு யார் பொறுப்பு என்று கேட்க வேண்டும்.

கேட்க வேண்டியவை இன்னும் உண்டு. எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி: “எனக்கு மற்றப் பிரிவு விழுந்தால் என்ன கிடைக்கும்?” பதிலைக் கேட்டுவிட்டு, அது விழுந்தாலும் சம்மதமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். சம்மதமில்லை என்றால் சேராதீர்கள்.

இதை விளக்க நான் எப்போதும் சொல்லும் உதாரணம், பிரிட்டனில் 20 மருத்துவமனைகளில் 450 பேரோடு நடந்த எவ்ரா ஆய்வு. காலில் ஆறாத சிரைப் புண் உள்ளவர்கள். எல்லோருக்கும் அழுத்தக் கட்டு உண்டு. ஒரு பிரிவுக்கு பழுதான சிரையை உடனே மூடினார்கள். மற்றப் பிரிவுக்குப் புண் ஆறும் வரை, ஆறாவிட்டால் ஆறு மாதம் வரை காத்திருந்தார்கள். அந்த ஆய்வு வரும் வரை இப்படிக் காத்திருப்பதுதான் பரவலான வழக்கமாக இருந்தது. 2018இல் முடிவு வந்தது. உடனே மூடியவர்களில் பாதிப் பேருக்கு 56 நாளுக்குள் புண் ஆறியது, காத்திருந்தவர்களில் பாதிப் பேருக்கு ஆற 82 நாள் ஆனது. மற்றப் பிரிவில் விழுந்தவர்களைக் கைவிடவில்லை, அன்றைய வழக்கமான சிகிச்சை முழுதாகக் கிடைத்தது. உங்கள் படிவத்திலும் மற்றப் பிரிவுக்கு இந்த அளவாவது இருக்கிறதா என்று பாருங்கள். சர்க்கரை உருண்டையைக் கொடுத்துவிட்டு ஆறாத புண்ணை ஒரு வருடம் பார்த்துக்கொண்டிருக்கும் திட்டத்துக்கு எந்த நல்ல நெறிமுறைக் குழுவும் ஒப்புதல் தராது.

அப்புறம் மற்ற கேள்விகள். இரண்டு காலிலும் நோய் இருந்தால் ஆய்வுக்குப் பெரும்பாலும் ஒரு கால்தான். இன்னொரு காலுக்கு எப்போது, யார் செலவில்? ஸ்கேனுக்கும் கருவிக்கும் நான் காசு கட்ட வேண்டுமா? பஸ் செலவு, ஒரு நாள் கூலி தருவார்களா? தருவது நியாயம்தான். ஆனால் சம்பளம்போலப் பெரிய தொகை காட்டி இழுத்தால் யோசியுங்கள், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நெறிமுறைகள் அதை ஏற்பதில்லை. ராத்திரியில் பிரச்சினை வந்தால் எந்த எண்ணுக்குக் கூப்பிடுவது? அந்த எண்ணை அங்கேயே, அவர்கள் எதிரிலேயே ஒருமுறை அழைத்துப் பாருங்கள். நான் வேலை பார்த்த ஓரிடத்தில் படிவத்தில் அச்சான எண் ஆறு மாதமாக உபயோகத்தில் இல்லை. கண்டுபிடித்தது நாங்கள் இல்லை, ஒரு பஸ் கண்டக்டர்.

ஆறாம் படி: சீட்டும் சிகிச்சையும்

ஒப்புதலுக்கும் கடைசிப் பரிசோதனைக்கும் பிறகே சீட்டுப் பிரிக்கப்படும். சில இடங்களில் முத்திரையிட்ட கவர், சில இடங்களில் கணினி. “நமக்குத் தெரிஞ்ச டாக்டர்தான், லேசர் பக்கம் போட்டுருவாரு” என்ற நம்பிக்கை வேண்டாம். அப்படிப் போட்டால் ஆய்வே கெட்டது.

லேசரோ ரேடியோ அலையோ என்றால், சிரையைச் சுற்றிலும் உப்புநீர் கலந்த மரப்பு மருந்தைப் பல ஊசிகளாகப் போடுவார்கள். வெப்பம் பக்கத்துத் தோலையும் நரம்பையும் சுடாமல் இருக்க அது காப்பு. உண்மையைச் சொன்னால் அந்த ஊசிகள்தான் வலிக்கும், மற்றது தெரியாது. பசை முறையில் அந்த ஊசிகள் தேவையில்லை. எதுவானாலும் முடிந்ததும் நடக்கச் சொல்வார்கள். படுத்தே கிடக்கக் கூடாது.

ஏழாம் படி: ஏதாவது ஆனால்

சிரை மூடிய தடத்தில் கயிறுபோல ஒன்று தடித்து லேசாக வலிப்பது சாதாரணம். நுரை போட்ட இடத்தில் பழுப்புக் கறை சில மாதம் நிற்கலாம். கணுக்கால் பக்கம் மரத்துப்போகலாம். பசைக்குப் பின் சில நாள் கழித்துத் தடம் முழுக்கச் சிவந்து அரிக்கலாம். இவை எல்லாவற்றையும் சொல்லுங்கள், ஆனால் பதற வேண்டாம்.

கெண்டைக்கால் திடீரென்று வீங்கி இறுகி வலித்தாலோ, மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ வந்தாலோ ஆய்வு மையத்தைத் தேடிக்கொண்டிருக்காமல் அருகிலுள்ள அவசரப் பிரிவுக்குப் போங்கள். ரத்தக் கட்டி உருவாகி நுரையீரலுக்கு ஏறியிருக்கலாம். போய்ச் சேர்ந்ததும் “நான் ஒரு ஆய்வில் இருக்கிறேன்” என்று சொல்லி, படிவ நகலைக் காட்டுங்கள்.

மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய அளவு தீவிரமான பாதிப்பு என்றால், 2019 விதிகளின்படி ஆய்வு மருத்துவர் 24 மணி நேரத்துக்குள் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிக்கும் ஆய்வை நடத்தும் நிறுவனத்துக்கும் நெறிமுறைக் குழுவுக்கும் தெரிவிக்க வேண்டும். 2019 விதிகள் பொருந்தும் ஆய்வில் காயம் பட்டால், தேவைப்படும் வரை, அல்லது காரணம் ஆய்வு இல்லை என்று உறுதியாகும் வரை, இலவச சிகிச்சை உண்டு. ஆய்வால்தான் என்று தெரிந்தால் இழப்பீடும் உண்டு. உயிரிழப்புக்கு 8 லட்சம் ரூபாயை அடிப்படையாக வைத்து, வயதையும் நோயின் தீவிரத்தையும் சேர்த்துக் கணக்கிடுவார்கள். குறை இருந்தால் டாக்டரிடம் மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளாதீர்கள். நெறிமுறைக் குழுவின் தொடர்பு விவரம் படிவத்திலேயே இருக்கும். அந்தக் குழுவில் குறைந்தது ஏழு பேர். அதில் ஒரு சட்டம் தெரிந்தவரும், மருத்துவத்துக்கு வெளியேயிருந்து வந்த ஒரு சாதாரண மனிதரும் இருந்தாக வேண்டும். உங்கள் புகாரைப் படிக்க வேண்டியது அவர்கள் வேலை.

விலக நினைத்தால் காரணம் சொல்லாமலே விலகலாம். அதற்காக வழக்கமான சிகிச்சையை மறுக்கக் கூடாது. ஒன்று மட்டும்: சொல்லாமல் மறைந்துவிடாமல், ஒரு போன் போட்டு “இனி வரமாட்டேன்” என்று சொல்லிவிடுங்கள். கடைசியாக ஒரு பாதுகாப்பு ஸ்கேன் பார்த்துவிட்டு விடுவார்கள், அது உங்களுக்கே நல்லது.

எட்டாம் படி: திரும்பத் திரும்பப் போவது

ஒரு வாரம், ஒரு மாதம், மூன்று, ஆறு, பன்னிரண்டு மாதம் என்று கூப்பிடுவார்கள். சிலவற்றில் ஐந்து வருடம் வரை. முதல் இரண்டு தடவை எல்லோரும் வருவார்கள். கால் நன்றாகிவிட்டால் ஆறாம் மாதம் ஆள் வராது. இதில்தான் பல ஆய்வுகள் படுத்துவிடுகின்றன. லீவு கிடைக்காது என்றால் சேரும்போதே தேதிகளை வாங்கி முதலாளியிடம் பேசிவைத்துவிடுங்கள்.

ஒவ்வொரு முறையும் ஸ்கேனும் கேள்வித்தாளும் இருக்கும். வலி, வீக்கம், தோல் நிறம் என்று பத்து விஷயங்களுக்கு டாக்டர் மூன்று வரை மதிப்பெண் போடுவது ஒன்று. நீங்களே நிரப்புவது இன்னொன்று. அபர்டீன் கேள்வித்தாள் என்றால் முதல் பக்கத்தில் கால்களின் படம் இருக்கும், உங்கள் சிரைகளை நீங்களே அதில் வரைய வேண்டும். டாக்டருக்குப் பிடித்த பதில் எது என்று யோசிக்காமல் உள்ளதை நிரப்புங்கள். வலி இருக்கும்போது “பரவால்ல” என்று போட்டால் அது அப்படியே முடிவில் போய் உட்காரும்.

கடைசி வருகையில் ஸ்கேன் அறிக்கைகளின் நகல், உங்களுக்கு என்ன சிகிச்சை நடந்தது என்ற குறிப்பு, ஆய்வின் பதிவு எண் மூன்றையும் வாங்கிக்கொள்ளுங்கள். வெரிகோஸ் சில வருடம் கழித்து வேறு சிரையில் திரும்ப வரலாம், அப்போது பார்க்கும் டாக்டருக்கு இது வேண்டும்.

அந்த அம்மா பன்னிரண்டாம் மாதமும் வந்தார். முதல் நாள் இடது கால் படத்தில் பேனா மை ஊறும் அளவுக்குக் கிறுக்கியிருந்தவர், இந்த முறை முழங்காலுக்குப் பின்னால் ஒரே ஒரு சின்ன வளைவு போட்டார். “இது மட்டும் இருக்கு தம்பி, எழுதிக்கோ” என்றார். எழுதிக்கொண்டேன்.